சூசை தண்டல் கைப்போணி

சூசை தண்டல் இறந்த செய்தி முதலில் எனக்குத்தான் வந்தது. பேக்கரி தாசன் தனக்குத்தான் முதலில் வந்ததாகக் கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிகிறான். நம்ப வேண்டாம். என் பாத்திரக்கடை ஷட்டரை இடுப்பு உயரம் தூக்கியிருந்தேன். மீன் விற்கும் அந்தோணி வண்டியில் இருந்தபடியே காலை ஊன்றி நின்று, "அண்ணாச்சி, நம்ம தண்டல் போய்ச் சேந்துட்டாரு. கோயிலுக்குக் கிளம்பி நாற்காலியில உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லையாம்" என்றான். நான் ஷட்டரை அப்படியே விட்டுவிட்டேன். அது விழுந்த சத்தம் தருவைகுளம் வரை கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்த பிறகுதான் தாசனுக்கே விஷயம் தெரிந்தது.

வேம்பார்க்காரர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடியில் இருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிப் போகும் தோணியில் அவர் தண்டல். தண்டல் என்றால் தோணிக்கு கேப்டன். புயலில் பாய்மரம் முறிந்தபோது தன் இடுப்பில் இருந்த சாரத்தை அவிழ்த்துப் பாயாகக் கட்டித் தோணியைக் கரை சேர்த்தவர். இதை அவர் சொன்னதில்லை, நான்தான் சொல்கிறேன். ஆனால் அவர் மறுத்ததும் இல்லை.

கடலை விட்டு ஊரில் தங்கிய பிறகு அவருக்கு ஒரே வேலைதான். காலையில் துணிப்பையோடு கடைவீதிக்கு வருவார். ஒரு கடையில் ஒரு சாமானுக்கு மேல் வாங்க மாட்டார். சோப்பு ஒரு கடை, தீப்பெட்டி ஒரு கடை, கருப்பட்டி ஒரு கடை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் என்ன என்று கேட்டேன். "ஏலே முருகேசா, மத்த கடைக்காரன் என் மூஞ்சிய எப்பப் பாக்குறது?" என்றார்.

இதில் எங்கள் எல்லோருக்கும் ஒரு சுயநலம் உண்டு. அவர் கைப்போணி ராசியானது. அன்றைக்கு முதல் வியாபாரம் அவர் கையால் நடந்தால், அப்புறம் கடையில் உட்கார நேரம் இருக்காது. இதைக் கண்டுபிடித்தவனும் நான்தான். என் கடை திறப்பு விழாவன்று ஒரு ஈ கூட உள்ளே வரவில்லை. அப்போது தோணியில் இருந்த தண்டல், பயணம் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் ஒரு டம்ளர் வாங்கினார். அதற்கப்புறம் வந்த கூட்டத்தில் தூத்துக்குடி பஸ் போக வழியில்லாமல் கண்டக்டர் இறங்கி ஒரு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனார். அன்று முதல் எல்லாக் கடைக்காரர்களும் அவர் வருகிற திசையைப் பார்த்துத்தான் ஊதுபத்தி கொளுத்துவார்கள்.

அவரிடம் கைராசி என்று சொன்னால் கோபம் வரும். "ராசி இருந்தா நான் ஏம்ல இந்த முட்டிவலியோட அலையுதேன்?" என்பார். ஆனாலும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

மளிகைக்கடையில் தினம் ஒரு சாமான் வாங்கலாம். பாத்திரக்கடையில் தினம் என்ன வாங்குவது? தண்டல் கரண்டி வாங்கினார். ஒருநாள் குழிக்கரண்டி, ஒருநாள் ஜல்லிக்கரண்டி, ஒருநாள் தோசைக்கரண்டி. அவர் மனைவி தெரேசம்மாள் அக்கா ஒருநாள் நேராக என் கடைக்கு வந்துவிட்டார்.

"வீட்டுல நாங்க ரெண்டு பேருதாம்வே. சட்டி நாலு இருக்கு, கரண்டி வைக்கதுக்கு பீரோ பத்தல. ஒமக்கு மனசாட்சி இருக்கா?"

"நான் என்ன செய்ய அக்கா? அவரா வாரார், அவரா வாங்குதார்."

"அவரு வந்தா கடையச் சாத்தும்!"

அந்த வருஷம் மாதா கோயில் அசன விருந்தில் ஊருக்கே சோறு பரிமாறியது தண்டல் வீட்டுக் கரண்டிகள்தான். பரிமாறிய பிறகும் மிச்சம் இருந்தது. தெரேசம்மாள் அக்கா அன்றைக்குப் பெருமையாக நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். கேட்டால் இல்லை என்பார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் மெயின் ரோட்டில் அந்தப் பெரிய கடை வந்தது; திறப்பு விழா மட்டும்தான் பாக்கி. கண்ணாடிக் கதவு, ஏசி, கூடை எடுத்துக்கொண்டு நாமே சுற்ற வேண்டும். பெயர் வேண்டாம், சொன்னால் அவர்களுக்கு இலவச விளம்பரம். உப்பில் இருந்து உருளி வரை எல்லாம் அங்கே உண்டு. என் கடையில் உள்ள அதே குக்கரை அவர்கள் சிரித்த முகமுள்ள பெண் படம் ஒட்டி வைத்திருந்தார்கள். என்னுடைய குக்கருக்கு என் முகம்தான் இருந்தது.

நான் கடையை மூடிவிடுவது என்று தீர்மானித்தேன். தூத்துக்குடியில் மச்சான் ஒரு கோடவுனில் வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருந்தான். விசிலோடு சேர்த்து யூனிபார்ம் தருவார்கள். இதைத் தண்டலிடம் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"நீ கோடவுனுக்குக் காவல் நின்னா, ஒனக்கு யாருல காவல் நிக்கது?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "கடைசி பஸ்ஸுல தூத்துக்குடியில வேலை முடிச்சு எத்தன பொம்பளப் பிள்ளைக வந்து இறங்குது பாத்திருக்கியா? அதுக பயமில்லாம வீட்டுக்குப் போறது ஒங் கடை லைட்டு வெளிச்சத்துலயும் தாசன் கடை லைட்டு வெளிச்சத்துலயும்தாம்ல. நீ மூடுனா அடுத்தவனும் மூடுவான். அப்புறம் இது கடைவீதி இல்ல, வெறும் வீதி."

அப்படிச் சொன்ன மனிதர்தான், அந்தப் பெரிய கடை மேனேஜர் வந்து கூப்பிட்டதும் சரி என்று சொல்லிவிட்டார். மேனேஜர் வெளியூர்ப் பையன், கழுத்தில் டை. யாரோ கைராசியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். திறப்பு விழாவில் முதல் போணி ஐயாதான் செய்ய வேண்டும் என்று பழத்தட்டோடு வந்து கேட்டான். தண்டல், "அதுக்கென்ன தம்பி, வாரேன்" என்றார்.

கடைவீதியே கொதித்தது. "தண்டல் விலை போயிட்டாரு" என்றான் தாசன். நான் மட்டும் அவரை நம்பினேன். நம்பியதால்தான் திறப்பு விழாவன்று விடியும் முன்னே போய்க் கண்ணாடிக் கதவோடு ஒட்டி நின்றேன்.

தண்டல் வெள்ளைச் சட்டையில் வந்தார். பின்னால் ஊர்ப் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். புதுக்கடையில் முதலில் உப்பு வாங்குவதுதான் வழக்கம் என்பதால் ஒரு உப்புப் பாக்கெட் எடுத்தார். பில் போடும் பெண்ணிடம் போனார்.

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

"உப்பு வாங்குததுக்கு போன் எதுக்கும்மா? முதலாளிய வரச் சொல்லு. போணிக் காசு அவரு கையிலல்லா குடுக்கணும்."

மேனேஜர் ஓடி வந்தான். "என்கிட்ட குடுங்க ஐயா, நான்தான் மேனேஜர்."

"நீ முதலாளியா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப முதலாளி எங்கன இருக்காரு?"

"முதலாளின்னு ஒருத்தர் இல்லைங்க ஐயா. கம்பெனி."

தண்டல் கொஞ்சம் யோசித்தார். "சரி, கம்பெனிக்குக் கை இருக்கா?"

பையன் மதுரைக்கு போன் போட்டான். மதுரை சென்னைக்குப் போட்டது. சென்னை டெல்லிக்குப் போட்டிருக்கும், அமெரிக்காவுக்கும் போட்டிருக்கும் என்பது என் கணக்கு. எங்கேயும் கை அகப்படவில்லை. "நீ பேசிட்டு வா தம்பி, நான் உக்காந்திருக்கேன்" என்று தண்டல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலி.

பின்னால் நின்ற பெண்களில் ஒருவர்கூட முன்னால் வரவில்லை. போணி ஆகாத கடையில், அதுவும் தண்டல் காசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, யார் தாண்டிப் போய் வாங்குவது? பில் போடும் பெண் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள்.

"தண்டல் அண்ணாச்சி முதல்ல போணி பண்ணட்டும்" என்றார் ஒரு பெண்.

"ஏளா, எவ்வளவு நேரம் நிக்கது? உலை வச்சிட்டு வந்திருக்கேன்" என்றார் இன்னொருவர்.

"அப்ப வா, கடைவீதியில வாங்கிட்டுப் போவோம். ஏசியில நின்னு எனக்கு மூக்கு ஒழுவுது."

ஒரு கூடை கீழே இறங்கியது. பிறகு எல்லாக் கூடைகளும் இறங்கின. நான் அவர்களுக்கு முன்னால் ஓடிப் போய் என் கடையைத் திறந்தேன். அன்றைய வியாபாரத்தைப் போல நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுப்பே இல்லாதவர்கள்கூட இட்லிச் சட்டி வாங்கினார்கள்.

சாயங்காலம் நாங்கள் எல்லோரும் மாலையோடு தண்டல் வீட்டுக்குப் போனோம். "எப்பேர்ப்பட்ட திட்டம் அண்ணாச்சி! நான் அப்பவே சொன்னேன்" என்றான் தாசன். தண்டல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்.

"என்ன திட்டம்? முதலாளி வருவாருன்னு நெசமாவே நெனச்சேம்ல. ஒரு கடை இருந்தா ஒரு ஆள் இருக்க மாட்டானா?"

மறுநாள் காலையில் அவர் செய்த காரியம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. நேராக அந்தப் பெரிய கடைக்குப் போய், மேனேஜர் பையனின் கையைப் பிடித்து, உப்புக் காசை அதில் வைத்துவிட்டு வந்தார். கேட்டதற்கு, "அவனும் ஊரு விட்டு ஊரு வந்து பிழைக்க வந்த புள்ளதான? அவனுக்குக் கை இருக்குல்லா" என்றார். அந்தக் கடை இன்றும் இருக்கிறது, கூட்டமும் போகிறது. ஆனால் கடைவீதியும் இருக்கிறது. நம்ம ஊர்ப் பெண்கள் இப்போதும் முதல் சாமானை எங்களிடம் வாங்கிவிட்டுத்தான் அங்கே போகிறார்கள். கோடவுன் யூனிபார்மை என் மச்சானே போட்டுக்கொண்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை. எல்லாக் கடைகளும் திறந்திருந்தன. யாருக்கும் போணி ஆகவில்லை. வாங்க வந்தவர்களும் ரோட்டோரம் நின்றார்கள், யார் முதலில் உள்ளே நுழைவது என்று தெரியாமல். கடைக்காரர்கள் வாசலில் நின்று கோயில் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. இனி வரமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லறைத் தோட்டத்தில்கூட அப்படித் தோன்றவில்லை.

நான் ரோட்டைத் தாண்டி தாசன் கடைக்குப் போனேன். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை ஒருவர் கடையில் ஒருவர் ஒரு சாமான் வாங்கியதில்லை. ஒரு பன் கேட்டேன். மாவு ஒட்டிய கையை நீட்டினான். காசை அதில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவன் ஒற்றிய கையை எடுக்கவே இல்லை. முகமெல்லாம் மாவு.

"ஏலே, அழுதா ராசி போயிரும்லே" என்றேன்.

எனக்குப் பின்னால் ரோட்டோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து கடைகளுக்குள் போனார்கள்.

தண்டலிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். தினமும் என் கடையில் உட்காரும் முன் அடுத்தவன் கடையில் ஒரு சாமான் வாங்கி, அவன் கையில் காசு கொடுத்துவிட்டு வருகிறேன். என் கைக்கு ராசி உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் போணி செய்த அன்று மத்தியானத்துக்குள் தாசன் கடையில் பன் தீர்ந்துபோனது. இதுவரை எழுதியதில் நீங்கள் எதை வேண்டுமானாலும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் குறைக்க வேண்டாம். தாசனிடமே கேட்டுப் பாருங்கள்.