ஆட்டைத் திட்டும் வைத்தியம்

சம்பங்கி கோபப்படாத நாளில், உடம்பு சரியில்லையோ என்று ஊரிகம் தங்கச் சுரங்க லைன் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கோபம். வந்துவிட்டால், ஏன் கலங்கலாக வருகிறது என்று கோபம். அவர் திட்டாத ஒரே ஜீவன் அவருடைய ஆடு டெய்சி. அதைத் திட்டும் பொறுப்பை அடுத்த வீட்டு டென்னிஸ் ஏற்றிருந்தார். அவருடைய ரோஜாக்களை டெய்சி மொட்டோடு தின்றுவிடும். ஒருநாள் அவர் கல்லெறிய, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பிறகு பேத்தமங்களா சாலையில் பைக் சறுக்கி டென்னிஸுக்குத் தலையில் பலத்த அடி. பிழைத்தார். பேச்சு வரவில்லை, யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. பெங்களூரு மருத்துவமனையில், நோயாளிகளைத் தேற்றவென்றே பழக்கிய நாய் ஒன்றை அழைத்து வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை வேறு. மடியில் தலை வைத்து அது காட்டிய அன்பை டென்னிஸ் சுவரைப் பார்த்தபடியே ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த வாரம் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். டெய்சி வந்து ஒரு மொட்டைக் கடித்தது. டென்னிஸின் கை எழுந்தது.

"ஏய்!"

மனைவி ஃப்ளோரா அழுதேவிட்டார். வாரம் ஒருமுறை வரும் சிகிச்சையாளர் ரூபா, "நாய்தான் வேணும்னு இல்லம்மா. எதுக்குத் திரும்புறாரோ, அதுவே தினம் வரட்டும்" என்றார். ஃப்ளோரா போய்ச் சம்பங்கியின் கதவைத் தட்டினார்.

"இன்னாது? அன்னிக்கு என் ஆடு திருடி. இன்னிக்கு டாக்டரா?"

"அக்கா, அவரு வாயத் தொறந்தாருக்கா..."

"எதுக்குத் தொறந்தாரு? என் ஆட்டத் திட்றதுக்கு! திட்டு வாங்க நானே தினம் இட்டாந்து வுடணுமா? இன்னா நியாயம் இது?"

நியாயம் இல்லைதான். ஆனாலும் மறுநாள் காலையில் சம்பங்கி டெய்சியை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். ஆடு தின்பதற்கென்றே ஃப்ளோரா புதிய ரோஜாத் தொட்டிகள் வாங்கி அடுக்கினார். அதைப் பார்த்தும் சம்பங்கிக்குக் கோபம்: பூச்சி மருந்து அடித்த செடியா?

"ஏய்" என்பது "ஏய், போ" ஆயிற்று. மழை பிடித்த சமயம், ஒரு காலையில் டென்னிஸ் ஆட்டைப் பார்க்காமல், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தார்.

"சம்பங்கி... உன் ஆட்ட... கட்டி வைக்க மாட்டியா?"

விபத்துக்குப் பின் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். ஃப்ளோரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"கேட்டியா ஃப்ளோரா? ஆட்டத் திட்டத்தான் ஒத்துகினேன். என்னியத் திட்றதுக்கு இல்ல!"

இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுப் போனார் சம்பங்கி.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தார். பதில் சொல்லாமல் விட்டால் தோற்றதாகிவிடாதா?

"மொதல்ல நீ ஒயுங்கா வேலி போடு டென்னிஸு. அப்பறம் என் ஆட்டச் சொல்லு!"

டென்னிஸ் வாயைத் திறந்தார். வார்த்தை வர நேரமாயிற்று. சம்பங்கி ஆட்டை டென்னிஸ் வீட்டுக் கம்பத்திலேயே கட்டிவிட்டு, கோபம் ஆறாமல், காத்திருந்தார்.