மாமா சாப்பிட்டு முடிக்கும் வரை

நவம்பர் பிறந்தால் கனடாவில் எல்லார் நெஞ்சிலும் ஒரு சிவப்புப் பூ ஏறிவிடும். போரில் இறந்தவர்களுக்காகக் குத்திக்கொள்ளும் பாப்பிப் பூ. அதன் ஊசி ஒரு நாளாவது குத்திய இடத்தில் நின்றதில்லை. கோட்டில் குத்தினால் பஸ்ஸில் விழுகிறது, திரும்பக் குத்தினால் விரலில் ஏறுகிறது. இந்த வருஷமும் பூவைத் தொலைத்துவிட்டு எரிச்சலோடு ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து மேசை லிண்டா, என் குடும்பத்தில் யாராவது போரில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டாள். தாய்மாமா ராணுவத்தில் இருந்தார், இலங்கையில் இறந்தார் என்றேன். "ஓ, இலங்கையா! கடற்கரை அவ்வளவு அழகு, போன வருடம்தான் போய் வந்தோம்" என்றாள். பிறகு நினைவு வந்தவளாக, மாமாவின் சேவைக்காக எனக்கு நன்றி சொன்னாள். நான் என்ன செய்தேன், எனக்கு நன்றி சொல்ல? திரும்பி என் வேலையைப் பார்த்தேன்.

மாமாவுக்காக யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. குறிஞ்சிப்பாடிக்காரர், இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. எண்பதுகளின் கடைசியில் இந்தியப் படையோடு யாழ்ப்பாணம் போனார், சாம்பலாகத் திரும்பி வந்தார். கருமாதிக்கு வந்த ஒரு பெரிய மனுஷர் இலையில் உட்கார்ந்தபடியே, "ஏம்மா, நம்ம ஜனங்களயே சுடவா போனான் ஒன் தம்பி?" என்று அம்மாவைக் கேட்டார். கேட்டுவிட்டு, ரசம் கொண்டுவரச் சொன்னார். அன்றிலிருந்து யார் விசாரித்தாலும் அம்மா "லாரி ஆக்சிடென்ட்" என்று சொல்லிவிடுவாள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவே அவர் லாரியில் அடிபட்டுச் செத்ததாகத்தான் நம்புகிறது. செத்தவனின் சாவைக்கூட ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஐப்பசியில் மாமாவின் திதி வந்தால், அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படையல் போடுவதை மட்டும் அம்மா ஒரு வருஷமும் விட்டதில்லை. இந்த வருஷம் முட்டி ஆபரேஷன் முடிந்து, சிதம்பரத்தில் என் தம்பி வீட்டில் இருக்கிறாள். போனில் ஆரம்பித்தாள்.

"இங்க ஹவுஸ் ஓனரு சைவம். கருவாடு வாசன வந்தா வூட்ட காலி பண்ண சொல்லுவாராம். சாம்பார் வச்சி படைச்சா போதும்னு ஒன் தம்பி சொல்றான். எந்தம்பி சாம்பார் தின்னவனாடி? நீ அங்க படைச்சிடு."

"அம்மா, நானே பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கேன். மேல இருக்கற வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம். அவுங்க தம்பியும் அந்த சண்டையிலதான் செத்தாரு, மேல ஹால்ல படம் மாட்டியிருக்காங்க. தெரியுமில்ல?"

"தெரியும். கேட்டா லாரின்னு சொல்லு."

என் தம்பியைக் கூப்பிட்டால், "அவுரு செத்து எத்தினி வருசமாவுது, இன்னும் என்னக்கா?" என்கிறான். இவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

தமிழ்க்கடையில் கருவாடும் வாழையிலையும் வாங்கிவந்து சமைத்தேன். யூனிஃபார்மில் இருக்கும் மாமாவின் படத்துக்கு முன்னால் படைத்தேன். எங்கள் பக்கத்தில், படையல் போட்டதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். கடலூரில் அது தெருவில் நின்று ஊர்க்கதை பேசும் நேரம். இங்கே கொட்டுகிற பனியில் தனியாக வாசலில் நின்றிருந்தேன். நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரர் நின்று, பூட்டுத் திறக்க ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், உள்ளே என் மாமா இருக்கிறார் என்றேன். அப்படியானால் போலீசைக் கூப்பிடட்டுமா என்றார். அவரை அனுப்பிவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை, திறப்பைத் துலைச்சிட்டீரோ?"

"சாவி இருக்குக்கா. மாமாவுக்குப் படையல் போட்டிருக்கேன். அவரு சாப்பிடற வரைக்கும் வெளிய நிக்கணும்."

"ஆர், அந்த லொறியில அடிபட்டவரோ?"

குடிவந்தபோது நானும் அம்மாவின் லாரிக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். இப்போதும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடும் தங்கும், அக்காவும் அக்காவாகவே இருப்பார். ஆனால் எனக்குச் சலித்துவிட்டது.

"லாரி இல்லக்கா. மாமா இந்தியன் ஆர்மி. உங்க ஊருக்குத்தான் வந்தாரு. அங்கதான் செத்தாரு."

அக்கா என்னையே பார்த்தார். "எந்த வருசம்?"

சொன்னேன்.

"என்ர தம்பியைச் சுட்டதும் உங்கட ஆமிதான். அதே வருசம்."

மன்னிப்புக் கேட்டால் மாமாவைக் கொலைகாரராக்குகிறேன். கேட்காமல் அந்த மனுஷியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போச்சு, வேறு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வீட்டைவிட அக்காவை இழந்ததுதான் பெரிதாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்தார். என் பக்கத்தில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் முடியேல்லையோ?"

"முடிஞ்சிருக்கும்க்கா."

"சுறுக்காச் சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லும்" என்றார். "மேல என்ர தம்பி இருக்கிறான்."

கதவைத் தட்டினேன். உள்ளே போகத்தான் கால் வரவில்லை.