ராட்டினத்துக்கு முன்பதிவு

பெரிய வெங்காயம் என்றால் அப்பா, அம்மா. சின்ன வெங்காயம் பிள்ளைகள். கைக்குழந்தை இருந்தால் ஒரு பல் பூண்டு. சமையலறைத் தரையில் இவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் நஜிமா. கவிழ்த்து வைத்த தம்ளர்தான் குட்டி ரயில். வாணலி, ஆடுகிற கப்பல். இட்லித் தட்டு, பெரிய ராட்டினம். இரண்டு சின்ன வெங்காயத்தையும் ஒரு பெரிய வெங்காயத்தையும் இட்லித் தட்டில் ஏற்றுகிறாள், கொஞ்ச நேரம் பார்க்கிறாள், இறக்கிவிடுகிறாள். "இதுக இங்க இருக்கறப்ப இதுக அம்மா எங்க போனா?" என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். அம்மாவை மகள் தஸ்னீம் குழம்புக்கு அரிந்துகொண்டிருக்கிறாள்.

காளப்பநாயக்கன்பட்டியில் அவள் கணவர் ஜாபர் உசேன் வேன் வைத்திருக்கிறார். கொல்லிமலையிலிருந்து பலாவும் அன்னாசியும் மிளகும் இறக்குகிற வண்டி அது. பள்ளி விடுமுறை வந்தால் கழுவித் துடைத்துக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு அப்பால் இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகும். எந்தக் குடும்பம் எந்த ராட்டினத்தில் எப்போது ஏறும் என்று முன்னாலேயே போனில் சொல்லி இடம் பிடித்துக்கொள்ளலாம் என்று 2004 கோடையில் பூங்காக்காரர்கள் அறிவித்தார்கள். சின்னப் பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி வாட்ட வேண்டாம் என்பது எண்ணம். ஜாபர் உசேன் இதை இரண்டு முறை கேட்டார். பிறகு வேலையை மனைவியிடம் விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று முதல் நஜிமாவுக்குத் தலை சுற்றல்தான். ஒரு பிள்ளை தூங்கும் நேரம் இன்னொன்றுக்குப் பால் கொடுக்கும் நேரமாக இருக்கும். கப்பலுக்குச் சொன்ன நேரத்திலேயே ரயிலுக்கும் சொல்லியிருப்பாள். போனில் பேசும் பூங்காப் பெண்ணிடம், "இருங்க கண்ணு, மறுபடியும் மொதல்லருந்து வாரேன்" என்பாள். ஆனால் வேனில் ஏறுகிறவர்களிடம் மட்டும், "யாரும் கொழம்பாதீங்க, நான் இருக்கறேனில்லீங்க" என்று தைரியம் சொல்வாள். குழம்பியிருப்பது அவள் ஒருத்திதான் என்பது யாருக்கும் தெரியாது.

கொல்லிமலைமேல் தேவனூர் நாட்டிலிருந்து அர்த்தனாரி குடும்பம் வந்தது அந்தக் கோடையில்தான். மிளகு பறிக்க எவ்வளவு உயர மரமானாலும் ஏறுகிற மனிதர். அவருக்கு முன்பதிவு என்பதே விளங்கவில்லை. "ஏனுங்க, பஸ்ஸுக்குச் சீட்டுப் புடிச்சா ஒரு ஊருக்குப் போய்ச் சேருவோம். இதுல ஏறுன எடத்துலயே எறக்கி உடறாங்க. இதுக்கு எதுக்குங்க சீட்டு?" என்று கேட்டார். நஜிமா யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது.

அர்த்தனாரியின் மகன் மணிவண்ணன் நாலாவது முடித்தவன். தங்கை பானுமதி அவனுக்கு இரண்டு வயது இளையவள். பெரிய ராட்டினத்தில் ஏறப்போவதை மணிவண்ணன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருந்தான். நஜிமா வெங்காயங்களை வைத்துப் போட்ட கணக்கில் அவன் அப்பாவோடும், தங்கை அம்மாவோடும் ஏற வேண்டும்.

பூங்காவில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. அர்த்தனாரியின் மனைவி பாப்பாத்தி மலை வளைவுகளில் இறங்கும்போதே வாந்தி எடுத்துச் சோர்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி நிழலில் சாய்ந்துவிட்டாள். அர்த்தனாரி ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தார். தன்னால் முடியாது என்றார். அவ்வளவு பெரிய மரமெல்லாம் ஏறுகிறீர்களே என்று நஜிமா கேட்டதற்கு, "மரம் நிக்குமுங்க. இது சுத்துதுங்க" என்றார்.

ராட்டினத்தின் வாசலில் உயரம் பார்க்கும் பலகை இருந்தது. மணிவண்ணன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கோடு அவன் தலைக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது. குதிகாலைத் தூக்கினான். காவலுக்கு நின்றவர் அவன் தோளை மெதுவாக அழுத்தி இறக்கிவிட்டு, அடுத்த வருடம் வரச் சொன்னார். இளையவள் பானுமதியின் தலை கோட்டைத் தொட்டது.

போனில் அந்தப் பெண் உயரம் கேட்டது நஜிமாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவள் வயதைச் சொல்லியிருந்தாள். பெரியவன் எப்படிக் குட்டையாக இருப்பான், சின்னவள் எப்படி நெட்டையாக இருப்பாள் என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பையன் அழவில்லை. தங்கையின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினான்.

"நீ போ. மேல போனதும் நம்ம மலை தெரியுதான்னு பாத்து வந்து சொல்லு."

சின்னப் பிள்ளையைத் தனியாக ஏற்ற முடியாது, நேரமும் ஆகிறது என்றார் காவல்காரர். பானுமதி நஜிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்தவள் ஒருநாளும் எதிலும் ஏறியதில்லை. செருப்பையும் பைகளையும் காத்துக்கொண்டு கீழேயே இருப்பாள். இப்போது யார் யாரோடு, எதற்குப் பிறகு எது என்று எதுவும் ஓடவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள். கம்பி வந்து மடியில் பூட்டியது.

தரை காலை விட்டு நழுவியதும் கண்ணை மூடினாள். ஒரு கையில் முக்காட்டு நுனி, இன்னொரு கையில் பிள்ளை. உதடு ஓதிக்கொண்டே இருந்தது. உச்சியில் ராட்டினம் ஒருமுறை நின்று ஆடியபோது பானுமதி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நஜிமா கண்ணைத் திறக்கவே இல்லை.

கீழே வேலியோரம் மணிவண்ணன் காத்திருந்தான். தெரிந்ததா என்று கேட்டான். பானுமதி நஜிமாவைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது சாமி" என்றாள் நஜிமா.

"எந்தப் பக்கம், பாயம்மா?"

அர்த்தனாரியும் திரும்பிப் பார்த்தார். நிழலில் கிடந்த பாப்பாத்திகூடத் தலையைத் தூக்கினாள். நஜிமா சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் வண்டிகள் நின்றன. ஒரு பக்கம் தென்னந்தோப்பு. மற்றப் பக்கங்களில் மதில். கையைத் தூக்கித் தோப்புப் பக்கமாக நீட்டினாள். பையன் வேலியின் கீழ்க்கம்பியில் ஏறி நின்று, அவள் விரல் போன வழியிலேயே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

நஜிமா கையை இறக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, விரலைச் சற்றே இடப்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.