இடுப்பளவுச் செங்காவி

மாம்பலத்தில் நாங்கள் வீடு வாங்கிய தெருவில் எல்லா வீட்டு வெளிச்சுவரிலும் தரையிலிருந்து இடுப்பளவுக்குச் செங்காவி அடித்திருந்தார்கள். அதற்கு மேலே வெள்ளை. பன்னிரண்டு வீடும் ஒரே உயரம், ஒரே நிறம். முதல் நாள் பார்த்தபோதே எனக்கு அது பிடித்துப்போயிற்று. தெருவே பேசி வைத்துக்கொண்டு அடித்த மாதிரி இருக்கிறதே, ஒற்றுமையான மனுஷர்கள் போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒற்றுமைதான். அந்த ஒற்றுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சண்டைக் காலம் அது. குண்டு விழப்போகிறது என்று ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டியிருந்தார்கள். வீடுகள் வந்த விலைக்குப் போயின. என் வீட்டுக்காரர் பீச்சில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பயப்படத் தெரியாதவர் என்று அவருக்குப் பெயர். உண்மையில் யோசிக்கத் தெரியாதவர். ஊரே ஓடும்போது நாம் வாங்கிப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. என் வளையல்களையும் இரட்டைவடச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தேன். கையில் மிஞ்சியது கண்ணாடி வளையல்தான். இந்த வீடு போனால் எனக்கென்று வேறு எதுவும் கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

விற்றவர் பென்ஷன் வாங்கும் பெரிய மனிதர். கும்பகோணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கிணற்றைக் காட்டி, சித்திரையில்கூட நாலு முழக் கயிறு போதும் என்றார். தென்னையைக் காட்டினார், வாழையைக் காட்டினார். "ஏரி இருந்த இடமோல்லியோ, மண்ணு அப்படி" என்று பெருமையாகச் சொன்னார். ஏரி இருந்த இடம் என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்கிறார், நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறோம். ஏரியில் இருந்த தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டு மாமி முதல் நாளே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காதில் வைரத்தோடு, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. "நல்ல காத்து. கிணத்துல எப்பவும் ஜலம். குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பீரோ, அரிசி டின், தையல் மிஷின் எல்லாம் இரண்டிரண்டு செங்கல் மேல் நின்றன.

"கரையானுக்கா மாமி?" என்று கேட்டேன்.

"ஆமாமா. இங்க கரையான் ஜாஸ்தி" என்றாள்.

என் வீட்டுக்காரர் தம் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஒருவரை அழைத்துவந்து வீட்டுக்குப் பாலிசி எடுத்தார். இனி வீட்டுக்கு எது வந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, அதைப் படிக்காமல் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினார்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நான் சாக்கை மடித்து வாசல்படியில் போட்டுக்கொண்டிருந்தேன். அது முற்றத்து ஜலதாரை வழியாகப் பின்பக்கமிருந்து ஏறிவிட்டது. ரேஷன் அரிசி நனைந்தது. விறகு மிதந்து கூடத்துக்கு வந்தது. உச்சிப்பொழுதில் கூடத்தில் முழங்காலளவு. கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன்.

மேலிருந்து தெருவைப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஆறு வீடு, அந்தப் பக்கம் ஆறு வீடு. எல்லாச் சுவரிலும் தண்ணீர் சரியாகச் செங்காவியின் மேல் விளிம்பில் நின்றது. ஒரு விரல் மேலே இல்லை, ஒரு விரல் கீழே இல்லை. அழகுக்கு அடித்தது என்று நான் நினைத்தது முன்னால் வந்த வெள்ளத்தின் கறையை மறைக்க அடித்தது.

பக்கத்து மாடியில் மாமி முன்னாலேயே ஏறியிருந்தாள். தகரக் கூரை போட்டு, குமுட்டி அடுப்பு மூட்டி, காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி வரும்னு உங்களுக்குத் தெரியுமா மாமி?"

"நன்னாத் தெரியும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தரம் வரும்."

"சொல்லலையே நீங்க."

"நீ கேட்டியோ?" என்றாள். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "வித்தவரே சொல்லலை, நான் யாருடி சொல்றதுக்கு? நாளைக்கு நானும் இந்த ஆத்தை விக்கணும். புள்ளையோட டெல்லிக்குப் போகப்போறோம்" என்றாள்.

அந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. நடுவில் ஆறு முழ இடைவெளி இருந்தது, அதனால் அவள் பிழைத்தாள்.

தண்ணீர் வடிந்ததும் என் வீட்டுக்காரர் பாலிசியைத் தேடி எடுத்தார். அடித்தட்டில் இருந்ததால் ஊறிப்போயிருந்தது. கொடியில் போட்டு உலர்த்தி முதல் தடவையாக அதைப் படித்தார். தீ, இடி இரண்டுக்கும் பணம் உண்டு. வெள்ளத்துக்குக் கிடையாது என்று தனியாகவே அச்சடித்திருந்தது. அந்த வீட்டில் தீப்பிடிக்க வழியே இல்லை. சுவரெல்லாம் அப்படி ஓதம் காத்திருந்தது.

சேறு காய்ந்த நாலாம் நாள், வெள்ளையடிக்கிறவர் ஒருவர் காவிச்சட்டியும் மட்டையுமாகத் தெருவில் வந்து இறங்கினார். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முதல் வீட்டிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, ஒங்க வூட்டுக்கும் அடிச்சுடட்டா? கற காவிக்கோட்டத் தொட்டுக்கீது பாரு. நாலு வெரல் ஏத்தி அடிச்சா ஒண்ணியும் தெரியாது" என்றார்.

"ஏத்தி அடிக்கிறதா?"

"நான் வந்த புதுசுல முட்டிக்குத்தாம்மா அடிச்சிக்கினு இருந்தேன். ஏறிக்கினே வருது."

அவர் வீடு எங்கே என்று கேட்டேன். "சைதாப்பேட்ட ஆத்தோரம். குடிசையே பூட்ச்சு, காவி எங்க அடிக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சுவரில் கை வைக்கக் கூடாது என்று அனுப்பிவிட்டேன்.

தெருவில் பதினோரு வீடு பளிச்சென்று நின்றது. என் வீடு மட்டும் இடுப்புவரை சேற்றுக்கறையோடு. அதற்குப் பிறகு ஒருவரும் என்னோடு பேசவில்லை. நவராத்திரிக்குக் கூப்பிட்டு வெற்றிலைபாக்குக் கொடுத்தவர்கள் எல்லாம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். ஆண்கள் நாலு பேர் வந்து என் வீட்டுக்காரரிடம் தெருவின் கௌரவம் என்றார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சொல்வதற்கு வெட்கமில்லை, அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். வாசலுக்கு வந்து அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குளிர்ந்தது.

கடைசியில் மாமியே வந்தாள். தை பிறந்ததும் அவள் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்களாம். "உன் ஆத்துச் சுவரைப் பார்த்தா எவன் வாங்குவான்?" என்றாள்.

"கேட்டா கரையான்னு சொல்லுங்கோ" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் ஏஜெண்டு. வெள்ளத்துக்கும் பாலிசி எடுத்தே தீர வேண்டும் என்று நான்தான் அவரை வரச் சொன்னேன். இன்னொரு தரம் இப்படி வந்தால் சுவர் நிற்காது என்று கொத்தனார் சொல்லியிருந்தார். கழற்றிக் கொடுக்க என் கழுத்தில் எதுவும் மிச்சம் இல்லை.

"தாராளமா சேர்க்கலாம். தனியாக் கட்டணும், அவ்வளவுதான்" என்றார் ஏஜெண்டு. "ஆனா ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு. இதுக்கு முன்னாடி ஆத்துக்குள்ள ஜலம் வந்திருக்கா?"

"வரச்சே வாசல் சுவரைப் பார்த்தேளோல்லியோ?"

"நான் கண்ணாடி போட்டுண்டு வரலைம்மா" என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. "வந்திருக்குன்னு எழுதினா கம்பெனி எடுத்துக்காது. வரலைன்னு எழுதினா எடுத்துக்கும். அப்புறம் ஜலம் வந்துதுன்னா ஆள் அனுப்புவா. அக்கம்பக்கத்துல விசாரிப்பா. முன்னாடியும் வந்திருக்குன்னு ஒருத்தர் வாய் தவறிச் சொன்னாலும் போச்சு. காலணா வராது."

"அப்போ ஜலம் வராத ஆத்துக்குத்தான் வெள்ளத்துக்கு இன்ஷூரன்ஸா?"

"வர ஆத்துக்கெல்லாம் குடுத்தா கம்பெனி எப்படிம்மா நடக்கும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஃபாரத்தை வைத்துவிட்டு, சுவரைச் சுத்தம் செய்து வையுங்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்று போனார்.

மூன்று நாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று எழுத ஒரு நிமிஷம் போதும். ஆனால் நான் கறையைக் காட்டிக் காட்டிப் பதினோரு வீட்டையும் பகைத்துக்கொண்டிருந்தேன். அதில் யாராவது ஒருத்தர் பழி தீர்த்துக்கொண்டால் என் பாலிசி வெறும் காகிதம். முதல் ஆளாக மாமிதான் சொல்வாள், அந்த ஆசை அவள் முகத்திலேயே தெரிந்தது. எந்த மௌனத்தை நான் சபித்தேனோ அதையே கேட்டு வாங்க நாலாம் நாள் மாமி வீட்டுப் படியேறினேன்.

"காவி அடிச்சுடறேன். என் ஆத்துல ஜலம் வந்ததை நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க ஆத்துல வந்ததை நான் சொல்ல மாட்டேன்."

மாமி அடுப்பில் பாலை வைத்தாள். "இதை அன்னிக்கே பண்ணியிருக்கலாம்" என்று சொல்லிக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். காப்பி நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

தை மாதம் வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். ஆழ்வார்பேட்டையில் வாடகைக்கு இருப்பவர்கள். புருஷன் மாமியின் வீட்டுக்காரரோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தான். அவள் மட்டும் வெளியே வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். இரண்டு கையிலும் புது மெருகு போகாத தங்க வளையல். அவை போகப்போகிற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் செங்காவியின் மேல் விளிம்பில் விரலை வைத்தாள், அப்புறம் திரும்பித் தெருவைப் பார்த்தாள். எங்களைவிட ஆயிரம் மடங்கு புத்திசாலி. எங்கள் கிணற்றடியில் நின்ற என்னிடம் பேச மதில் பக்கம் வந்தாள்.

"மாமி, இந்தக் காவி ஏன் எல்லா ஆத்துலயும் ஒரே உயரமா இருக்கு?"

"ஒரே ஆள் அடிக்கிறார்" என்றேன்.

"மழை வந்தா ஆத்துக்குள்ள ஜலம் வருமா?"

அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மாமி நின்றாள். என் பீரோவின் மேல்தட்டில், ஜலம் வந்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பாலிசி இருந்தது.

"ஒரு சொட்டு வந்ததில்லை" என்றேன். "நல்ல காத்து. கிணத்துல எப்பவும் ஜலம்."

அவள் முகம் தெளிந்தது. தாங்க்ஸ் மாமி என்றாள்.

மாமி டெல்லிக்குப் போனாள். அடுத்த ஐப்பசியிலேயே தண்ணீர் வந்தது. என் சமையலறைச் சுவர் இடிந்து விழுந்தது. பக்கத்து மாடியில் அந்தப் பெண் நனைந்த புடவையோடு, கண்ணாடி வளையல் போட்ட கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நீ கேட்டியோ என்று பதில் சொல்லித் தப்பிக்க மாமிக்கு வழி இருந்தது. இவளிடம் எனக்கு அந்த வழியும் இல்லை.

கம்பெனி ஆள் ஒரு வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். சமையலறையைப் பார்த்தார். பிறகு மதிலுக்கு அப்பால் சேற்றை வழித்துக்கொண்டிருந்த அவளைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் இதற்கு முன்னால் தண்ணீர் வந்ததுண்டா என்று கேட்டார். அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவருக்குப் பதில் சொன்னாள், ஆனால் என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு சொட்டு வந்ததில்லைன்னு இந்த மாமி சொன்னா. அதை நம்பித்தான் வாங்கினோம்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குப் பணம் வந்தது, சமையலறை எழும்பிற்று. அவளிடம் பாலிசி எதுவும் இல்லை. ஒரு சொட்டும் வராத வீட்டுக்கு எதற்கு எடுத்திருக்கப்போகிறாள்.

வெள்ளையடிக்கிறவர் காவிச்சட்டியோடு வந்தபோது அவள் மதிலருகே வந்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அன்றுதான்.

"எவ்வளவு உயரத்துக்கு அடிக்கச் சொல்லணும் மாமி?"

"கறைக்கு மேல நாலு விரல்" என்றேன். அவளிடம் நான் மறைக்காமல் சொன்ன முதல் உண்மை அது. அவள் திரும்பி, அதையே அவரிடம் சொன்னாள்.