மல்லிகாவோட அப்பா

பெரிய பேரன் செந்தில் சென்னையில இன்ஜினியர் ஆயிட்டான். அவன் தம்பி காலேஜுக்கே கபடி கப் வாங்கிக் குடுத்தான். பேத்தி கவிதா பெங்களூர்ல டீம் லீடர்... நம்ம வூட்டுல மொத மொத ஆபீஸ் போன பொண்ணு. அஞ்சாங் கிளாஸோட நின்ன எனக்கு இதைச் சொல்லச் சொல்ல வாய் வலிக்காது.

போன வாரம் என் பொறந்தநாளுக்குக் கவிதா நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல எழுதியிருந்தா. "ஆற்றங்கரை வீட்டில் கதை சொல்லி எங்களை உறங்க வைத்த பாட்டி..."

எல்லாரும் கை தட்டுற படம் போட்டீங்க. நானும் நாலு தடவ படிச்சேன். நம்ம வூட்டுகிட்ட ஏது ஆறு? எனக்குக் கதை சொல்லவும் வராது. பேன் பாத்துத்தானே கவிதா உன்னைத் தூங்க வெச்சேன்...

போன் பண்ணிக் கேட்டேன். "எங்கயோ படிச்சேன் அப்பத்தா. நல்லா இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன். ஒனக்குப் புடிக்கலயா?"

புடிச்சுதுன்னுட்டேன்.

போனை வெச்சதும் என்கூடப் படிச்ச மல்லிகா ஞாபகம்.

அஞ்சாங் கிளாஸ், மழைக்காலம். கிளாஸ் பூரா ஈரப் பாவாடை வாசனை. புதுசா வந்த வாத்தியாரு 'என் அப்பா'ன்னு எழுதச் சொன்னாரு. எனக்கு ஒரு வரி வரல. பக்கத்துல மல்லிகா குனிஞ்ச தலை நிமிராம எழுதினா. சுண்ணாம்புக்கல் குவாரியில வேலை பாத்த அவ அப்பா செத்து ஒரு வருஷம்கூட ஆகல.

"அப்பா வேலை விட்டு வந்தால் மீசை வெள்ளையாக இருக்கும். நான் ஊதி விடுவேன். கறுப்பு மீசை வந்ததும் சிரிப்பார்."

அவ தண்ணி குடிக்கப் போன நேரம் அப்படியே பாத்து எழுதிட்டேன். நோட்டை வாத்தியாரு மேஜையில மொதல்ல வெச்சதும் நான்தான். வாத்தியாரு சத்தமா படிச்சு எல்லாரையும் கை தட்ட வெச்சாரு. அப்புறம் மல்லிகா நோட்டைப் பாத்தாரு. "அவளதப் பாத்து எழுதினியா?"ன்னு அவளை முட்டி போட வெச்சாரு.

பாத்து எழுதினது நான்தான்னு நான் சொல்லல.

சாயங்காலம் வரப்புல முன்னாடி போனவ நின்னு திரும்பினா. "எங்கப்பாவ எடுத்துக்கிட்டியேடி"ன்னா.

அதோட சரி. பேசவே இல்ல. பரீட்சை முடிஞ்சதும் அவ அம்மா அவளை ரஞ்சன்குடி பக்கம் பொறந்த வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் பண்ணினது தப்புன்னு சொல்லணும்னு இத்தனை வருஷமா இருக்கு... எங்க போயி சொல்ல.

இன்னொன்னு இப்பதான் உறைக்குது. எங்கப்பா வயல்லேர்ந்து வர்றப்ப துண்டு முனையில வெள்ளரிப்பிஞ்சு முடிஞ்சு கொண்டாருவாரு. எனக்கு மட்டும். அதை எழுதியிருக்கலாம். அவரைப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதினதில்ல.

அன்னைக்கு நான் இன்னொருத்தி அப்பாவ எடுத்துக்கிட்டேன். இன்னைக்கு யாரோட பாட்டியோ என் பொறந்தநாளுக்கு வந்திருக்கா. அந்த ஆத்தங்கரைப் பாட்டிக்கும் ஒரு பேத்தி இருக்கும்ல...

கவிதா, கோவிச்சுக்காத கண்ணு. இங்க வூட்டுல நானும் டிவியும்தான். தப்பும் தவறுமா இருந்தாலும் நீயே ஒரு வரி எழுது. பேன் பாத்ததைக்கூட எழுது.

அப்படியே உன் போட்டோ ஒன்னு போடு. என்கிட்ட இருக்கறது போன பொங்கலுக்கு எடுத்தது. இப்ப எப்படி இருக்கியோ, அப்படியே ஒன்னு.