மில்வாக்கியில் எடுத்த கடைசிப் படம்

கலியாணமாகி ஏழு வருடமாகியும், நானும் அவரும் மட்டும் நிற்கிற படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. கலியாண ஆல்பத்தில் ஏதாவது ஒரு மாமி பின்னுக்கு நின்று எட்டிப் பார்ப்பா. பிறகு பிள்ளைகள் பிறந்து நடுவில் நின்றார்கள்.

கனடாக் குடியுரிமை கிடைத்த கோடையில், பிள்ளைகளை மொன்றியலிலேயே செயின்ட்-மிஷேலில் இருக்கிற அக்கா வீட்டில் விட்டுவிட்டு மூன்று நாள் அமெரிக்காவில் மில்வாக்கிக்குப் புறப்பட்டோம். ஏன் மில்வாக்கி? அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. வேறு காரணம் கிடையாது. ரொறன்ரோவைக் கடக்கும்போது அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு காரோட்டினார். அங்கே இருக்கிற சித்தி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று மறிப்பா என்று பயம்.

மில்வாக்கிச் சனம் முன்பின் தெரியாதவர்களைக் கண்டாலும் சிரிக்கும். அவருக்குச் சந்தேகம். "ஏன் எல்லாரும் சிரிக்கினம்? சட்டையில ஏதும் ஊத்திப்போட்டனோ?" என்று குனிந்து பார்த்தார். இரண்டாம் நாள் பழகிவிட்டார். வீட்டில் என்னோடு பத்து வார்த்தை பேசாத மனிதர், ஐஸ்கிரீம் கடைக்காரியோடு மொன்றியல் பனியைப் பற்றிக் கால் மணி நேரம் கதைத்தார்.

"எங்கட ரெண்டு பேரின்ர படம் ஒண்டு எடுத்தால் காணும் எனக்கு," என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

"ஓம், ஓம். பேந்து எடுப்பம்."

பேந்து, பிறகு என்று சொல்லியே ஏரியை எடுத்தார், பாலத்தை எடுத்தார், எங்கள் காரை நாலு பக்கமும் நின்று எடுத்தார். கடைசி நாள் ஏரிக்கரையில் பார்த்தால் பிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். எனக்கு வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ, அந்த வாங்கில இருக்கிற ரெண்டு பேரையும் கேளுங்கோ. எடுத்துத் தருவினம்."

பெஞ்சில் இருந்தது ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி. ஐஸ்கிரீம்காரியோடு கதைக்க வந்த வாய், நானும் மனைவியும் நிற்கிறோம், ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்க வரவில்லை. வெட்கத்தில் கமராவை மட்டும் தூக்கிக் காட்டிச் சிரித்தார். கிழவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தலையைக் கோதிக்கொண்டு, மனைவியின் தோளில் கைபோட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து இருவரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தங்களைத்தான் எடுக்கப்போகிறார் என்று நினைத்துவிட்டார்கள். என் கணவருக்கு மறுக்க மனம் வரவில்லை. எடுத்துவிட்டார். பிலிம் முடிந்து தானாகச் சுற்றிக்கொண்டது.

காருக்குத் திரும்பும்போது நான் முன்னுக்கு விறுவிறுவென்று நடந்தேன். பாதி வழியில் தோளில் ஏதோ பாரமாக விழுந்தது. பார்த்தால் அவருடைய கை. ஏழு வருடத்தில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அதுதான் முதல் தடவை.

"அந்த மனுசன் இப்பிடித்தானே போட்டவர்?" என்று கேட்டார்.

"கழுத்தை நெரிக்காமல் போட்டவர்," என்றேன். கார் வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அதைப் படம் எடுக்கத்தான் ஆளில்லை.

அந்தச் சோடியின் படம் இன்றைக்கும் எங்கள் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இவர்கள் என்று கேட்பார்கள்.

"மில்வாக்கியில எங்கட சொந்தக்காரர்," என்பார் அவர்.