முடியை இழுத்துப் பார்த்த பார்லர் சேச்சி

தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில், முடியை நேராக்கும் அயர்ன் வைத்ததுண்டா நீங்கள்? நான் வைத்தேன். புகை வந்தது. ஏற்கெனவே நூல் மாதிரி மெலிந்து வறண்ட முடி, நுனியெல்லாம் கருகி ஒடிந்தது. அக்கா கல்யாணத்துக்கு இரண்டே நாள்.

கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு பார்லருக்கு ஓடினேன். அங்கிருந்த சேச்சிக்குச் சிரிக்காத முகம், ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டிய தலை. பேசுவதற்கு முன் என் முடியில் ஒன்றை நனைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். யார் வந்தாலும் அப்படித்தானாம். என் முடி ரப்பர் மாதிரி நீண்டு அறுந்தது.

“முடிய மீன் மாதிரியாக்கும் பொரிச்சிருக்க, மக்கா.”

“ஸ்ட்ரெய்ட்டனிங் செஞ்சு தாங்க சேச்சி. கல்யாணத்துல ஃபோட்டோ எடுப்பாங்க.”

“பொண்ணு நீயா?”

“எங்க அக்கா.”

“பின்ன என்ன? இனி சூடு வச்சா மொட்டையாக்கும். கருகினத வெட்டணும். குளிச்சா காத்தில காயட்டும், சூடு ஒண்ணும் வைக்காதே.”

தோள் வரை வெட்டினார். அழுகையை அடக்கிக்கொண்டு, “உங்க முடிக்கு என்ன ஆச்சு?” என்று குத்தலாகக் கேட்டேன்.

“எனக்கு இப்பிடிச் சொல்லித்தர ஆளில்லாம போச்சு,” என்றார், கத்தரியை நிறுத்தாமல்.

அது கிண்டலா நிஜமா என்று இன்றுவரை தெரியவில்லை. இதை டைப் அடிக்கும்போது என் தலை காற்றில் பாதிதான் காய்ந்திருக்கிறது.